ராபர்ட்சன் (குடும்பப் பெயர்)

ராபர்ட்சன் என்பது ஸ்காட்லாந்தில் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர். ராபர்ட்டின் மகன் என்று பொருள். 1437இல் மன்னர் முதலாம் ஜேம்ஸைக் கொன்றவர்களைப் பிடித்துக் கொடுத்த ராபர்ட் என்ற குலத்தலைவனின் வழிவந்தோர் இப்பெயரைச் சூடிக்கொண்டனர்.

தமிழர் நாவில் இப்பெயர் அன்றாடம் புழங்குவது கோலார் தங்கவயலில். ஜான் டெய்லர் கம்பெனி 1880 முதல் நடத்திய சுரங்கங்களுக்கு வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து தொழிலாளர்கள் வந்து குவிந்தார்கள். தட்டி வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்த அவர்களுக்காகவும் வணிகர்களுக்காகவும் தெருக்கள் வகுத்துப் புது ஊர் எழுந்தபோது, 1896 முதல் 1903 வரை மைசூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த டொனால்ட் ராபர்ட்சனின் பெயரால் அதை ராபர்ட்சன்பேட்டை என்றார்கள். பாறை உடைத்தவன் பெயரை ஊருக்கு வைக்கும் வழக்கம் அன்று இல்லை. நாற்காலியில் இருந்தவர் பெயர்தான் நிலைத்தது. அவர் காலத்திலேயே, 1902இல், சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கி.மீ. கம்பி இழுத்துச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது.

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகள் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தன. ராபர்ட்சன்பேட்டையோ கடைத்தெருவின் ஊர். ஆனாலும் ரயில் பாதை இதைத் தொடவில்லை. பங்காருபேட்டையிலிருந்து மாரிகுப்பம் செல்லும் வண்டி கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று சுரங்கப் பக்கமாகவே நின்று போகிறது. 28-2-2001இல் சுரங்கம் மூடப்பட்டபின், வேலைக்காக அன்றாடம் பெங்களூரு போய்வரும் ஆயிரக்கணக்கானோருக்கு அந்த வண்டிதான் கதி. ஆணையர் பௌரிங்கின் பெயரைத் தாங்கிய பக்கத்து பௌரிங்பேட்டை பங்காருபேட்டையாக மாறிவிட்டது, ராபர்ட்சன் மாறவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தங்கவயல் நகரத்தையே ராபர்ட்சன்பேட்டை என்றுதான் பதிந்தது.

சென்னைக்கும் ஒரு ராபர்ட்சன் உண்டு: சைதாப்பேட்டை அரசுப் பண்ணையையும் அதையொட்டி 1876இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரியையும் நடத்திய டபிள்யூ. ஆர். ராபர்ட்சன். எடின்பரோவின் வரலாற்றாசிரியர் வில்லியம் ராபர்ட்சன் (1721–1793) இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் பண்டைய உலகம் இந்தியாவை எப்படி அறிந்திருந்தது என்று 1791இல் ஒரு நூலே எழுதினார். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து பீல்டு மார்ஷல் வரை உயர்ந்த மற்றொரு வில்லியம் (1860–1933), பிரிட்டிஷ் ராணுவத்தில் அப்படி உயர்ந்த முதல் ஆள்.

வணிகத்தில் பெயர் பெற்றது மர்மலேடு. 1864இல் பெய்ஸ்லி நகர மளிகைக்காரர் ஜேம்ஸ் ராபர்ட்சனிடம் விலைபோகாத கசப்பு ஆரஞ்சு தேங்கிவிட, அவர் மனைவி அதைச் சர்க்கரையிட்டுக் காய்ச்சினார். அதிலிருந்து வளர்ந்தது ராபர்ட்சன் மர்மலேடு நிறுவனம். திருப்புளி நழுவாத சதுரக்குழித் திருகாணியைச் செய்த பீட்டர் ராபர்ட்சன் கனடாக்காரர்.

ராபர்ட்சனாகப் பிறக்காத ராபர்ட்சனும் இருந்தார். 1790களின் இறுதியில் பாரிஸில் மாய விளக்கு கொண்டு பேய்க்காட்சி நடத்திய பெல்ஜியக்காரர் எத்தியென் காஸ்பார் ராபர், மேடைக்காக இப்பெயரை வைத்துக்கொண்டவர்.