அமெரிக்காவில் ஆய்வு மாணவர் தொழிற்சங்கங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு மாணவர்கள் பலர் இளங்கலை வகுப்புகளில் கற்பித்தல் உதவியாளர்களாகவும், ஆய்வகங்களில் ஆய்வு உதவியாளர்களாகவும் பணியாற்றுகின்றனர். இதற்கு உதவித்தொகையும் கல்விக் கட்டண விலக்கும் பெறுகின்றனர். இவர்கள் மாணவர்களா, ஊழியர்களா என்பது நீண்டகால விவாதம். மாணவர் பேரவை நிர்வாகத்திடம் கோரிக்கை மட்டுமே வைக்க முடியும். ஊழியர் என்ற தகுதி கிடைத்தால்தான், அவர்கள் தேர்ந்தெடுத்த சங்கத்துடன் ஊதியம் குறித்துப் பேச நிர்வாகம் சட்டப்படி கடமைப்படும்.

தொடக்கம்

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் 1966-இல் கற்பித்தல் உதவியாளர் சங்கம் உருவானது. 1970-இல் வேலைநிறுத்தம் செய்து தன் முதல் ஒப்பந்தத்தைப் பெற்றது.

தனியார் பல்கலைக்கழகங்கள்

அரசுப் பல்கலைக்கழகங்கள் மாநிலச் சட்டங்களுக்கும், தனியார் பல்கலைக்கழகங்கள் தேசியத் தொழிலாளர் உறவுகள் வாரியத்துக்கும் உட்பட்டவை. வாரிய உறுப்பினர்களைக் குடியரசுத் தலைவர் நியமிப்பதால், ஆட்சி மாறியபோது தீர்ப்பும் மாறியது. நியூயார்க் பல்கலைக்கழக வழக்கில் 2000-இல் வாரியம் மாணவர்களை ஊழியர்களாக ஏற்றது. 2002-இல் அங்கு ஒப்பந்தம் ஏற்பட்டது. 2004-இல் பிரவுன் பல்கலைக்கழக வழக்கில் அந்த நிலைப்பாடு கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு ஒப்பந்தம் காலாவதியானபோது நியூயார்க் பல்கலைக்கழகம் அதைப் புதுப்பிக்கவில்லை. சங்கத்தின் வேலைநிறுத்தமும் உடனே பலன் தரவில்லை. 2013-இல்தான் பல்கலைக்கழகம் தானாக முன்வந்து சங்கத்தை மீண்டும் ஏற்க இசைந்தது.

ஆய்வு உதவியாளர்கள்

ஆய்வு உதவியாளர்களின் நிலை மேலும் சிக்கலானது. ஆய்வகத்தில் அவர்கள் செய்யும் வேலையே பெரும்பாலும் அவர்களது ஆய்வேடாகவும் அமைகிறது. இதைக் காரணம் காட்டி, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்பியல் துறை ஆய்வு உதவியாளர்கள் ஊழியர்கள் அல்லர் என வாரியம் 1974-இல் முடிவு செய்தது. 2016-இல் கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் இம்முடிவும் பிரவுன் தீர்ப்பும் நீக்கப்பட்டன. ஒருவர் ஒரே நேரத்தில் மாணவராகவும் ஊழியராகவும் இருக்கலாம் என வாரியம் கூறியது. எனினும் கொலம்பியாவில் முதல் ஒப்பந்தம், ஒரு நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 2022 ஜனவரியில்தான் உறுதியானது.

கலிஃபோர்னியாவில் 2017-இல் இயற்றப்பட்ட சட்டம் அரசுப் பல்கலைக்கழக ஆய்வு உதவியாளர்களுக்குச் சங்க உரிமை அளித்தது. 2022 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் இவர்கள் உட்படச் சுமார் 48,000 கல்விசார் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். டிசம்பர் இறுதியில் ஊதிய உயர்வுடன் புதிய ஒப்பந்தங்கள் ஏற்பட்டன.