'இருளின் இளவரசர்': ஒரு கேலிப்பெயரும் எம்.ஜி.பி. காரின் பழுதுகளும்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் நடுவே, குறிப்பாக அமெரிக்காவில், ஒரு கேலிப்பெயர் நெடுங்காலமாக வழங்கிவருகிறது: 'இருளின் இளவரசர்'. அக்கார்களுக்கு மின்கருவிகள் செய்து தந்த பர்மிங்காம் நகரத்து லூகாஸ் நிறுவனத்தைச் சுட்டும் பெயர் அது. லூகாஸ் விளக்குச் சுவிட்சுக்கு அணைவு, மங்கல், சிமிட்டல் என மூன்றே நிலைகள் என்பர். ஆங்கிலேயர் பீரைக் குளிர்விக்காமல் குடிப்பதற்குக் காரணம், அவர்கள் வீட்டுக் குளிர்பெட்டியும் லூகாஸ் செய்தது என்பதே என்றும் சொல்வர். ஒரு நிறுவனத்தின் வரலாறு பொதுநினைவில் இவ்விரு நகைச்சுவைகளாகச் சுருங்கிவிட்டது. அக்கேலி எவ்வளவு நியாயமானது என்பதற்கான விடை, பழுதுபட்ட வண்டியின் அடியில்தான் கிடக்கிறது.

ஜோசப் லூகாஸ் (1834–1902) பர்மிங்காம் தெருக்களில் வண்டி தள்ளி மண்ணெண்ணெய் விற்றவர். பின்னர் மிதிவண்டி விளக்குகள் செய்து, அவற்றைச் 'சாலையின் அரசன்' என்னும் வணிகப்பெயரில் விற்றார். 'இருளின் இளவரசர்' என்பதோ கிறித்தவ மரபில் சாத்தானைக் குறிக்கும் தொடர். அரசப் பட்டம் இப்படித் திரிந்தது தற்செயலாகவும் இருக்கலாம். பொருத்தம் என்னவோ கச்சிதம். இரண்டாம் உலகப்போரின்போது ஃபிராங்க் விட்டிலின் ஜெட் இயந்திரத்துக்கு எரியறை உருவாக்கிய பணியில் இந்நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. கேலி செய்வோர் இதை நினைவுகூர்வதில்லை.

சான்றாக எம்.ஜி.பி. காரை எடுத்துக்கொள்ளலாம். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் ஆலையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாயின. பெரும்பகுதி அமெரிக்காவுக்குச் சென்றது. இன்றும் ஓடுபவை பல. ஆகவே இதன் பழுதுகள் நன்கு அறியப்பட்டவை.

அவற்றுள் முதன்மையானது எர்த் பழுது. எல்லாக் கார்களையும் போல இதிலும் மின்னோட்டம் கம்பி வழியே விளக்கை அடைந்து, வண்டியின் இரும்பு உடல் வழியே மின்கலத்துக்குத் திரும்புகிறது. கம்பி உடலோடு இணையும் திருகின் அடியில் துரு ஏறினால் அரை ஓம் தடை உண்டாகலாம். நான்கு ஆம்பியர் கொள்ளும் முகப்பு விளக்குக்கு அதனால் ஏறத்தாழ 2 வோல்ட் இழப்பு. 12 வோல்ட்டில் 2 குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். திசைகாட்டும் விளக்கைப் போட்டால் வால்விளக்கும் சேர்ந்து சிமிட்டுவது இதே நோயின் மற்றொரு முகம்.

இதைவிட விசித்திரமானது சோக் கேபிள் புகைவது. இயந்திரம் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், அதற்கும் வண்டியின் உடலுக்கும் இடையே மின்தொடர்பு தருவது ஒரு பின்னல் செம்புப் பட்டை மட்டுமே. அது அற்றுப்போனாலோ, கியர்பெட்டியைக் கழற்றி மாட்டியவர் அதைத் திரும்பப் பொருத்த மறந்தாலோ, ஸ்டார்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடி மெல்லிய சோக் கேபிளில் பாயும். கேபிள் பழுக்கக் காய்ந்து புகையும். பார்ப்பவர் லூகாஸைத் திட்டுவார். பட்டையை மறந்தவர் பெயரோ எங்கும் பதிவாவதில்லை.

எரிபொருள் பம்ப்பின் கதையில் அநீதி இன்னும் வெளிப்படை. பின்சக்கரத்தருகே அடியில் இருக்கும் அம்மின்பம்ப்பின் ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு தொடுமுனை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் சிறு பொறி பறக்கிறது. நாளடைவில் முனை கருகுகிறது. வண்டி நடுச்சாலையில் நின்றுவிட, ஓட்டுநர் இறங்கிக் குனிந்து ஸ்பேனரால் பம்ப்பை ஒரு தட்டுத் தட்ட, அது மீண்டும் துடிக்கத் தொடங்குகிறது. இதுவும் லூகாஸின் கணக்கிலேயே எழுதப்படுவதுண்டு. ஆனால் அந்தப் பம்ப் எஸ்.யு. நிறுவனத்தின் படைப்பு.

ஃபியூஸ்களின் எண்ணிக்கையையும் கருத வேண்டும். தொடக்ககால எம்.ஜி.பி.யில் இரண்டே ஃபியூஸ்கள். முகப்பு விளக்குச் சுற்றுக்கு ஃபியூஸும் இல்லை, ரிலேயும் இல்லை; முழு மின்னோட்டமும் சுவிட்சின் ஊடாகவே சென்றது. சுவிட்ச் சூடேறித் தேய்ந்தது வியப்பன்று. எத்தனை ஃபியூஸ், எத்தனை ரிலே என்பது கார் ஆலையின் விலைக்கணக்கையும் சேர்ந்த முடிவு. அதற்காக லூகாஸ் குற்றமற்றது என்று சொல்லிவிடவும் முடியாது. ரப்பர் உறைக்குள் செருகும் அதன் குண்டுமுனை இணைப்பிகள் ஈரத்தை உள்ளே விட்டன; ஐம்பதாண்டு ஈரத்துக்கு அவை தாங்கவில்லை. ஆனால் ஐம்பதாண்டு ஓடும் என்று அக்காரை எவரும் வடிவமைக்கவும் இல்லை.

லூகாஸ் கம்பிகளின் நிறங்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு: பழுப்பு, மின்கலத்திலிருந்து நேரே வருவது, வெள்ளை, சாவி திருப்பியபின் உயிர்பெறுவது, பச்சை, அதுவே ஃபியூஸைக் கடந்தபின், கருப்பு, எர்த். அடிநிறத்தின்மேல் ஓடும் மெல்லிய கோடு மேலும் நுட்பமான பொருள் தரும். இத்தனை ஒழுங்கான ஏற்பாட்டைக் குலைத்தவர்கள் பின்வந்த உரிமையாளர்கள். வானொலிக்கு ஒரு கம்பி, பனிவிளக்குக்கு ஒன்று, கையில் கிடைத்த நிறத்தில், இன்சுலேஷன் டேப் சுற்றி. பலர் கைபட்ட ஏட்டுச்சுவடியில் மூலபாடத்தையும் இடைச்செருகலையும் பிரிக்கும் பதிப்பாசிரியரின் நிலைதான் இன்று அந்த வண்டியைத் திறக்கும் மெக்கானிக்கின் நிலை. எழுத்துப்பிழை அனைத்தையும் மூல ஆசிரியர் தலையில் கட்டுவாரும் உளர்.

இயந்திரப் பழுதுகளுக்கு இப்படியொரு கேலிப்பெயர் வாய்க்கவில்லை. கார்புரேட்டரின் தண்டு தேய்ந்து காற்று கசியும். கிரீஸ் காணாத கிங்பின் இறுகித் ஸ்டியரிங் கனக்கும். அதிர்வுத்தாங்கியில் எண்ணெய் ஒழுகும். இவை மெல்ல வருபவை, காதுக்கும் கைக்கும் முன்னறிவிப்புத் தருபவை. மின்பழுதோ சொல்லாமல் வருகிறது, பெரும்பாலும் மழையிரவில். கண்ணுக்குத் தெரியாத காரணத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அப்பெயர் ஏற்கெனவே விளக்கின்மேல் பொறிக்கப்பட்டிருந்தது.

லூகாஸ் 1996இல் அமெரிக்க வேரிட்டி நிறுவனத்தோடு இணைந்தது. 1999இல் அதுவும் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தின் வசமானது. 1961இல் டி.வி.எஸ். குழுமத்தோடு கூட்டாகச் சென்னையில் தொடங்கப்பட்ட லூகாஸ்-டி.வி.எஸ். அந்தப் பெயரைத் தாங்கி இன்றும் ஸ்டார்டர்களும் ஆல்டர்னேட்டர்களும் செய்துவருகிறது. பாடியில் பேருந்து ஏறும் ஒருவருக்கு 'லூகாஸ்' என்பது இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயர். இளவரசரைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.