முந்துகிறவரின் பொறுப்பு

2024 டிசம்பரில் ஆசிய லெ மான்ஸ் தொடரின் புதிய பருவம் சிப்பாங் பந்தயத் தளத்தில் தொடங்கியது. ஒரே வார இறுதியில் இரண்டு போட்டிகள், ஒவ்வொன்றும் 4 மணி நேரம். 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே தடத்தில் மூன்று வகுப்புக் கார்கள் சேர்ந்து ஓடின. எல்எம்பி2 என்பவை பந்தயத்துக்கென்றே பிறந்தவை, தரையோடு ஒட்டிப் படுத்திருக்கும். எல்எம்பி3 அவற்றின் வேகம் குறைந்த தம்பி. ஜிடி வகுப்பில் ஓடுபவை ஃபெராரி, போர்ஷே போன்ற சாலைக் கார்களின் பந்தய வடிவங்கள். ஒரு காரை ஒருவரே கடைசிவரை ஓட்டுவதில்லை. இடையில் உள்ளே வந்து எண்ணெய் ஊற்றி, சக்கரம் மாற்றி, ஆளும் மாறுவார்கள்.

இதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்குவது இப்போது கொஞ்சம் சுலபம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் போட்டியில் நடிகர் அஜித்குமாரின் அணி மூன்றாம் இடம் பெற்றது. செய்தி வந்ததும், “அப்போ மொத்தத்துல மூணாவதா?” என்று பலரும் கேட்டார்கள். மொத்தத்தில் இல்லை, 992 என்ற வகுப்பில் மூன்றாவது. அந்த வகுப்புக் காரைவிட வேகமான கார்கள் அதே தடத்தில் அன்று ஓடிக்கொண்டிருந்தன. அவற்றோடு அதற்குப் போட்டியே இல்லை. பல வகுப்புப் பந்தயத்தின் அடிப்படை அதுதான். எல்லாரும் ஒரே சாலையில் ஓடுவார்கள். ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் தனி வெற்றி, தனி மேடை உண்டு.

இந்தப் பந்தயத்தில் எனக்குப் பிடித்தது ஒரு நடைமுறை. எல்எம்பி2 கார் பின்னால் சீறிக்கொண்டு வரும்போது ஜிடி ஓட்டுநருக்கு நீலக்கொடி காட்டுவார்கள். ‘வேகமானவன் வருகிறான், தெரிந்துகொள்’ என்பது அதன் பொருள். ஓரம்போ என்பதல்ல. மெதுவான கார் பதறி விலகினால்தான் விபத்து. அது தன் தடத்தில் நிதானமாகப் போக வேண்டும். பத்திரமாக முந்திப்போகும் பொறுப்பு பெரும்பாலும் வேகமானவருடையது. மெதுவாகப் போவது குற்றமில்லை என்று ஏற்றுக்கொண்ட ஒரு விளையாட்டு இது.

மலேசியத் தோட்டங்களின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இந்த நடைமுறை வினோதமாகத் தெரியும். அங்கே சாலையின் விதி நேர் எதிராக இருந்தது. அதைச் சொல்ல கோல சிலாங்கூரிலிருந்து தொடங்க வேண்டும்.

சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங் என்ற இடத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சு இளைஞர் காட்டை அழித்து கித்தா நட்டார். அவர் காலம் பார்த்து வந்தவர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மோட்டார் கார் பெருகிக்கொண்டிருந்தது. காருக்குச் சக்கரம் வேண்டும், சக்கரத்துக்கு ரப்பர் வேண்டும். 1910இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. பெல்ஜிய முதலீடு சேர்ந்துகொண்டது. 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில், நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தையும் ஃபோகோனியே உருவாக்கினார். அதன் பெயர் தென்னமரம். காதில் விழுந்ததுமே தமிழ் என்று தெரிகிற பெயர். செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னையின் பெயர்! பிற்பாடு அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. தோட்டத்திலிருந்து ஒரு துரை எழுத்தாளராகி உலக இலக்கியத்துக்குள் நுழைந்துவிட்டார். காட்டை அழித்து, நட்டு, பால் வெட்டிய ஆள்களின் பெயர்கள் செக்ரோலில் மட்டும் இருந்தன. பழைய செக்ரோல்களை யார் பாதுகாக்கப் போகிறார்கள்?

1923 மே மாதம் பிரான்சின் லெ மான்ஸ் நகரில் முதல் 24 மணி நேரப் பந்தயம் நடந்தது. 33 கார்கள் ஓடின. யார் முதலில் என்பதைவிட, எந்த வண்டி தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் அன்றைய கேள்வி. இயந்திரத்தின் அளவுக்கு ஏற்ப ஒவ்வொரு காரும் ஓடித் தீர்க்க வேண்டிய குறைந்தபட்சத் தூரம் தனித்தனியாக வகுக்கப்பட்டிருந்தது. சின்ன வண்டிக்குச் சின்ன இலக்கு, பெரிய வண்டிக்குப் பெரிய இலக்கு. வகுப்புப் பிரிவினையின் விதை அங்கேயே விழுந்துவிட்டது.

அந்த வண்டிகளின் சக்கரங்களில் இருந்தது முழுக்க இயற்கை ரப்பர். செயற்கை ரப்பர் சந்தைக்கு வராத காலம். உலகத்தின் ரப்பரில் மிகப் பெரும்பகுதி மலாயா, இலங்கை, டச்சு இந்தியத் தீவுகளின் தோட்டங்களிலிருந்துதான் போனது. 1921இல் விலை ஒரு ஷில்லிங்குக்கும் கீழே சரிந்திருந்தது. விலையைத் தூக்க 1922 இறுதியில் பிரிட்டிஷ் அரசு ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. லெ மான்ஸில் கொடி அசைந்த அந்த மாதம், இங்கே ‘எவ்வளவு பால் வெட்டலாம்’ என்பதை லண்டன் தீர்மானித்துக்கொண்டிருந்தது.

தாக்குப்பிடித்தல் என்றால் என்ன என்று தோட்டத்தில் யாரும் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டு. பெயர் கூப்பிடும்போது ஆள் இருக்க வேண்டும். பிறகு நிரையில் இறங்கி மரம் மரமாக வெட்டு. வெயில் ஏறுவதற்குள் முடித்தால்தான் பால் நன்றாக வடியும். அப்புறம் மங்கு மங்காகச் சேகரித்து, கண்டர் வாளியைத் தோளில் போட்டு ஸ்டோருக்கு நடக்க வேண்டும். அங்கே நிறுவை. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லை என்றால் சம்பளம் இல்லை. சிப்பாங்கில் பேய்மழை பிடித்தால் சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்திவிடுவார்கள். மழை விட்டதும் மறுபடி தொடங்கலாம். பால்வெட்டுக்காரருக்கு மழை விட்டாலும் போன நாள் போனதுதான்.

இந்த உலகத்துக்கும் வகுப்புகள் இருந்தன. துரை, சின்னத் துரை, கிராணி, கங்காணி, மண்டோர், கடைசியில் கூலி. எல்லாரும் ஒரே செம்மண் சாலையில்தான் போனார்கள். ஆனால் கூலி சைக்கிளில் போகும்போது எதிரே துரையோ கிராணியோ வந்தால், சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். அவர்கள் கடந்த பிறகு ஏறிக்கொள்ளலாம். முந்துகிறவருக்கு ஒரு பொறுப்பும் கிடையாது. சுமையெல்லாம் மெதுவானவர் தலையில்.

1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் வெடித்து, சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவியது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தில் இருந்த ஆர்.எச்.நாதன் அதன் முக்கியத் தலைவர். தமிழ் நேசன் நாளிதழில் துணை ஆசிரியராக இருந்தவர் அவர். அந்தக் கோரிக்கைப் பட்டியலை இன்று படித்தால் நெஞ்சு கனக்கும். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும். 10, 12 மணி நேர வேலை நாள் ஒழிய வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும். பெண்களைத் தொல்லை செய்வது நிற்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். சொந்தக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்துபோக விட வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரைமார், கிராணிமார் முன்னால் சைக்கிளில் போக அனுமதி வேண்டும்.

கூலி உயர்வுக்குப் பக்கத்தில் சைக்கிள் எதற்கு என்று கேட்கலாம். அவர்களுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. சாலையில் இறங்கி நிற்கும் ஒவ்வொரு முறையும் ‘இந்தச் சாலை உன்னுடையதில்லை’ என்று உடம்புக்கு ஞாபகப்படுத்தினார்கள். அந்த ஞாபகத்தைத்தான் தொழிலாளர்கள் மறுத்தார்கள். அரசு பதில் சொல்லியது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார், பின்பு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

சிலாங்கூர் மண்ணில் பந்தயக் கார்கள் தங்களுக்கென்று ஒரு தளம் கண்டது 1968இல், பத்து தீகாவில். பக்கத்தில் ஷா ஆலம் என்ற புதிய நகரம் எழுந்துகொண்டிருந்தது. அது எழுந்த இடம் சுங்கை ரெங்கம், ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்ட நிலம். 1978இல் ஷா ஆலம் மாநிலத் தலைநகராகியது. 1985 இந்தக் கதையில் முக்கியமான ஆண்டு. ஜூலையில் நாட்டின் முதல் தேசியக் கார் புரோட்டோன் சாகா ஷா ஆலம் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. டிசம்பர் 1ஆம் தேதி, உலகத் தாங்குதிறன் சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்று பத்து தீகாவில் நடந்தது. பெயர் சிலாங்கூர் 800. அன்றும் பல வகுப்புக் கார்கள் சேர்ந்துதான் ஓடின. போர்ஷே 962சி காரில் ஜாக்கி இக்ஸும் யோகன் மாஸும் வென்றார்கள். இக்ஸ் அத்தோடு தளப் பந்தயங்களுக்கு விடை கொடுத்தார்.

இக்ஸ் ஒரு பெல்ஜியர், லெ மான்ஸை 6 முறை வென்றவர். அவரை ரசிகர்கள் மறக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் லெ மான்ஸ் தொடக்கத்தில் ஓட்டுநர்கள் சாலையின் குறுக்கே ஓடிப்போய் காரில் ஏறிக் கிளம்ப வேண்டும். அவசரத்தில் பலர் பாதுகாப்பு வாரைக்கூட மாட்டுவதில்லை. 1969இல் எல்லாரும் ஓட, இக்ஸ் மட்டும் நிதானமாக நடந்துபோனார். வாரைச் சரியாக மாட்டிக்கொண்டு கடைசி ஆளாகக் கிளம்பினார். அன்று முதல் சுற்றிலேயே ஜான் வுல்ஃப் என்ற ஓட்டுநர் விபத்தில் இறந்தார். 24 மணி நேரம் கழித்து இக்ஸ் ஏறக்குறைய 120 மீட்டர் வித்தியாசத்தில் வென்றார். அடுத்த ஆண்டே ஓடிப்போய் ஏறும் முறையைக் கைவிட்டார்கள்.

இதையும் 1941இன் சைக்கிளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒருவர் ஓட மறுத்தார், விதி மாறியது, வரலாறு அவரைக் கொண்டாடுகிறது. மற்றவர்கள் இறங்க மறுத்தார்கள், சுடப்பட்டார்கள். இரண்டுமே சாலையில் ஓர் உடம்பு காட்டிய எதிர்ப்புதான். யார் செய்தார் என்பதில்தான் வித்தியாசம்.

1999இல் சிப்பாங் தளம் திறக்கப்பட்டது. பக்கத்திலிருக்கும் விமான நிலையமும் பெருமளவு செம்பனைத் தோட்ட நிலத்தில் எழுந்ததுதான். 2020 இலக்கு என்று நாடே வேகத்தைப் பற்றிப் பேசிய காலம் அது. பத்து தீகா தளம் 2000களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டு வீடமைப்புப் பகுதியானது. தோட்டம் தளமாகும், தளம் வீடாகும். சிலாங்கூரில் நிலம் அப்படித்தான் வகுப்பு மாறிக்கொண்டே இருக்கிறது.

நிலம் மாறியபோது அதன் மேல் இருந்த மக்கள் என்ன ஆனார்கள்? வட சிலாங்கூரில், பெஸ்தாரி ஜெயாவுக்கும் உலு சிலாங்கூருக்கும் இடைப்பட்ட பகுதியில் மேரி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் என்று 5 தோட்டங்கள். அவை கைமாறிய பிறகு, அங்கே தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக 20 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தன. வாக்குறுதி வரும், தேர்தல் வரும், மறுபடி வாக்குறுதி வரும். தாக்குப்பிடித்தலை அளக்கும் கடிகாரம் அங்கே யாரிடமும் இல்லை.

பந்தயம் இதற்கெல்லாம் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லப்போனால் பந்தயத்திடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஆசிய லெ மான்ஸ் தொடரில் ஒவ்வொரு காரிலும் குறைந்தது ஒரு வெண்கலத் தர ஓட்டுநர், அதாவது தொழில்முறை அல்லாதவர், இருந்தாக வேண்டும். அந்த இடத்தில் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள்தான் அமர்கிறார்கள், உண்மைதான். ஆனாலும் விதி சொல்வது இது: மெதுவானவருக்கும் தடத்தில் இடம் உண்டு, அவருடைய நேரமும் கணக்கில் சேரும். கடைசி வகுப்பில் கடைசியாக வந்தவரின் பெயரும் சுற்று எண்ணிக்கையும் முடிவுப் பட்டியலில் அச்சாகும்.

நம் தோட்ட வரலாற்றை எழுத உட்காரும் இளைஞர்கள் அந்தப் பட்டியலைப் போல எழுதினால் போதும் என்று தோன்றுகிறது. ஃபோகோனியேவின் பெயர் இருக்கட்டும், இக்ஸின் பெயரும் இருக்கட்டும். பத்தாங் பெர்ஜுந்தையிலும் புக்கிட் ரோத்தானிலும் இன்னும் ஞாபகத்தோடு இருக்கும் பாட்டிமார் எத்தனையாவது நிரையில் வெட்டினார்கள், ஒரு நாளைக்கு எத்தனை மரம், யார் மண்டோர், எந்த ஆண்டு லயத்தை விட்டுப் போகச் சொன்னார்கள் என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்று முதலில் சொன்னவர் யார் என்று கேட்டு எழுத வேண்டும். தென்னமரம் என்று ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் பேர் வரக் காரணமான ஆள்கள் யாரென்று கேட்டால், சொல்லக்கூடியவர்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வருகிறார்கள்.