பெட்டியிற் பொறித்த பெயர்



பழைய மோட்டார்க் கார்களை அவற்றின் ஆதி வடிவம் குன்றாமற் புதுப்பிப்போர் மேலைநாடுகளிற் பலர் உளர். காரின் அடிப்பாகத்துப் படிந்த அழுக்கைக் கழுவும்போது, அச்சுத்தண்டிலும் விற்சுருளிலும் திருகாணியின் தலையிலும் மங்கிய வர்ணப் பொட்டுகளையும் கோடுகளையும் அவர்கள் காண்பதுண்டு. இவை அழகுக்காகத் தீட்டப்பட்டவை அல்ல. இவ்வுறுப்பு இன்ன வகையைச் சேர்ந்தது, இத்திருகாணி முறையாக முடுக்கப்பட்டது, பரிசோதகர் இதனைப் பார்த்து ஏற்றுக்கொண்டார் என்பனவற்றை அறிவிக்கத் தொழிற்சாலையில் தொட்டு வைத்த அடையாளங்கள். புதுப்பிப்போர் அவற்றை அதே இடத்தில், அதே நிறத்தில் மீண்டும் இடுகின்றனர்.

இவ்வழக்கம் இன்றும் உண்டு. புதிய டயரின் பக்கச் சுவரிற் சிறு மஞ்சட் பொட்டொன்றைக் காணலாம். டயரின் எடை மிகக் குறைந்த இடம் அது. காற்றடைக்கும் வால்வுக்கு நேரே அதனை வைத்துப் பூட்டினால் சக்கரம் சமநிலையிற் சுழலும்.

டயரின் முதற்பொருளாகிய றப்பரைப் பின்தொடர்ந்து சென்றால் நமது சப்பிரகமுவ மாகாணத்துக்கே வந்து சேரலாம். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து றப்பர் விதைகளை இலண்டனிலுள்ள கியூ பூங்காவிற்குக் கொண்டு சேர்த்தார். அங்கு முளைத்த கன்றுகளுள் 1,919 அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, ஹெனரத்கொட பூங்காவில் வளர்க்கப்பட்டன. பின்னர் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் மழைமிகுந்த சரிவுகளில் றப்பர் பரவியது. ருவன்வெல்ல, எட்டியாந்தோட்டை, தெரணியகல ஆகிய பகுதிகள் அதனால் உருமாறின.

விடியற்காலையில் வெட்டிச் சேர்த்த பால் வடிகட்டப்பட்டு, அமிலம் சேர்த்து உறையவைக்கப்படும். உறைந்ததை உருளைகளுக்கிடையே செலுத்தி, வரிவரியான தாள்களாக்கிப் புகைக்கூடத்திற் சில நாள் தொங்கவிடுவர். தேனிறம் பெற்று வெளிவரும் அத்தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்ப்பது அடுத்த வேலை. தூசு உண்டா, காற்றுக் குமிழ் உண்டா, பூஞ்சணம் பிடித்ததா என்று கண்ணாற் கண்டு, பழுதான இடத்தைக் கத்தரியால் வெட்டி நீக்கித் தரம் பிரிப்பர். பின்பு தாள்களை அடுக்கி அழுத்திப் பொதியாக்கி, ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க மாக்கல் தூள் கலந்த பூச்சைப் பூசி, அதன்மேல் அடையாளமிடுவர். அச்சிறு குறியை நம்பியே கடல்கடந்த நாட்டிலுள்ள வணிகர் பொருளை வாங்கினார். 1952ஆம் ஆண்டு இலங்கையும் சீனாவும் அரிசிக்கு றப்பர் என்று உடன்படிக்கை செய்தபோது, இப்பொதிகள் நாட்டு மக்களின் உணவுக்கே ஈடாயின.

தேயிலையின் வரலாறும் இத்தகையதே. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரிற் பயிரிட்டார். கொழும்பில் 1883இல் முதல் தேயிலை ஏலம் நடைபெற்றது. ஈயத் தகடும் பிற்காலத்தில் அலுமினியத் தாளும் உள்ளே விரித்த மரப்பெட்டிகளில் தேயிலை நிரப்பப்பட்டது. எழுத்து வெட்டிய தகட்டைப் பெட்டியின்மேல் வைத்து, மைத் தூரிகையால் தோட்டத்தின் மார்க், தூளின் வகை, விலைப்பட்டியல் இலக்கம், மொத்த எடை, வெற்றுப்பெட்டியின் எடை, நிகர எடை ஆகியவற்றைப் பொறித்தனர். மரப்பெட்டி மறைந்து கடதாசிப் பை வந்துவிட்ட போதிலும் இவ்விவரங்கள் தொடர்கின்றன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறியும் பல தோட்டங்களின் மார்க் மாறவில்லை.

பெட்டியின் வரலாறு இவ்வளவு ஒழுங்காகப் பதியப்பட்டிருக்க, அதனை நிரப்பியவரின் வரலாறு எங்கே உள்ளது? கொழுந்து பறித்த கையும், தாளை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்த கண்ணும் எந்த மார்க்கிலும் இடம்பெறவில்லை. தோட்டத்து வழக்கில் ஒரு நாட் கூலிக்கே ‘பேர்’ என்று பெயர். பாதிக் கூலி ‘அரைப்பேர்’. செக்றோல் எனப்படும் அந்தப் பேரேட்டிலேயே தொழிலாளரின் பெயர் இருந்தது.

அப்பதிவின் பெறுமதி 1948க்குப் பின்னர் தெரியவந்தது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவரிடமும் தந்தையின் அல்லது பாட்டன், பூட்டனின் பிறப்பு இந்நாட்டில் நிகழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. 1949இன் சட்டம் ஆண்டுக்கணக்கான இடைவிடாத வதிவுக்குச் சான்று கேட்டது. இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரின் நிலையைப் பின்னைய முடிவுக்கு விட்டது. எஞ்சியோருக்கு வழி திறந்த சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது. எந்தப் பெட்டி எந்தத் தோட்டத்தது என்பதை இலண்டன் வணிகர் ஒரு நொடியில் அறிந்தார்; அப்பெட்டியைச் சுமந்தவர் எந்த நாட்டவர் என்பதைத் தீர்மானிக்க அரை நூற்றாண்டு கடந்தது.

கார்களைப் புதுப்பிப்போர் ஒரு துளி வர்ணத்தையும் அழியவிடாது காக்கின்றனர். நமது தோட்டங்களின் பழைய எழுத்துத் தகடுகள் இரும்புக் கடைக்கும், செக்றோல்கள் கறையானுக்கும் இரையாகலாமோ? சப்பிரகமுவத் தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர்க்கு ஒரு பாடசாலை அதிபர் என்ற முறையில் என் வேண்டுகோள் இதுவே: ஒரு தகடு கிடைத்தால் அதனை மையிட்டுத் தாளில் ஒற்றியெடுத்து வையுங்கள். அதன் கீழே, அத்தோட்டத்திற்குத் தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயரையும், அங்கு உழைத்த பாட்டன் பாட்டியரின் பெயர்களையும் மாணவரைக் கொண்டு எழுதுவியுங்கள். மார்க்கில் இடம்பெறாத பெயர்கள் அவ்வாறேனும் ஒரு தாளில் இடம்பெறட்டும்.