பொம்மை வாத்துகளும் அலிப்பூர் ஏரியும்

கொல்கத்தாவில் பவானிபூரையும் அலிப்பூரையும் பிரிப்பது ஆதிகங்கை. இன்று டாலி நாலா என்று அழைக்கப்படும் அந்தக் கால்வாயைத் தாண்டினால் 1876இல் திறக்கப்பட்ட உயிரியல் பூங்கா வருகிறது. கூண்டுகளுக்கு நடுவே உள்ள அதன் ஏரிக்கு, யாரும் பிடித்து வராமலே, குளிர்காலந்தோறும் சீழ்க்கைச் சிறகி வாத்துகள் கூட்டங்கூட்டமாக வந்து தங்கின. வங்காளிகள் அவற்றைச் சரால் என்பார்கள். அந்த வரத்து இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஹூக்ளி ஆற்றுக்கு அக்கரையில், சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தை ஒட்டிய ஜீலில், அதாவது ஏரியில், இன்று சரால் கூட்டத்தைப் பார்க்க முடிகிறது.

இந்த இரண்டு நீர்நிலைகளுக்கு அருகே, மிகத் தொலைவில் உள்ள இன்னொரு களத்தை வைத்துப் பார்க்க விரும்புகிறேன். கனடாவின் கோதுமை வயல்களிலும் அமெரிக்காவின் நெல் வயல்களிலும் வேட்டைக்காரர்கள் பொம்மை வாத்துகளைப் பரப்பி, பறந்து செல்லும் பெருவாத்துகளைத் தரைக்கு அழைக்கும் களம் அது. ஒன்று கொல்வதற்காக, மற்றது காப்பதற்காக. ஆயினும் இரண்டுக்கும் அடிப்படையான கேள்வி ஒன்றே: மேலே பறக்கும் பறவை கீழே எதைக் கண்டால் இறங்கும்?

கேள்வி பழையது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் லவ்லாக் குகையில் 1924இல் கிடைத்த கோரைப்புல் வாத்துகள் சுமார் 2,000 ஆண்டுப் பழமை உடையவை. நம் சங்கப் பாடல்களிலும் இந்த உத்தி உண்டு. பழக்கிய விலங்கையோ பறவையையோ காட்டி அதன் இனத்தை வரவழைப்பதற்குப் ‘பார்வை’ என்று பெயர். நற்றிணை 212இல் பார்வை வைத்து வலை விரிக்கும் வேட்டுவனுக்கு அஞ்சிக் கணந்துள் பறவை கூவுகிறது. புறநானூறு 320இல் பார்வைப் பெண்மானோடு ஒரு கலைமான் கூடி விளையாடுகிறது.

முதலில் வேட்டைக் களத்தை எடுத்துக்கொள்வோம். பெருவாத்துகள் இரவில் நீரில் தங்கி, காலையிலும் மாலையிலும் அறுவடையான வயல்களில் மேயும். ஆகவே வேட்டைக்காரர் அமைப்பது ஒரு மேய்ச்சல் காட்சி. பெரும்பாலான பொம்மைகள் தலைகுனிந்து தின்பவை. ஓரங்களில் சில மட்டும் கழுத்தை நிமிர்த்திக் காவல் நிற்பவை. காவல் பொம்மைகள் அதிகமானால் கூட்டம் எதற்கோ மிரண்டிருக்கிறது என்று வானத்துப் பறவைகள் விலகிவிடும். பறவை பெரும்பாலும் காற்றை எதிர்த்தே இறங்கும் என்பதால், காற்றின் போக்கைப் பார்த்து இலாட வடிவில் பொம்மைகளை நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுவார்கள். துப்பாக்கிக்கு எட்டும் அந்த வெற்றிடம்தான் களத்தின் உயிர். எத்தனை பொம்மை இருந்தாலும் இறங்க இடம் இல்லையென்றால் கூட்டம் வட்டமடித்துவிட்டுப் போய்விடும்.

சாந்த்ராகாச்சியில் பொம்மை கிடையாது. ஆனால் காட்சி அமைப்பு உண்டு. சரால் பகலில் ஓய்வெடுத்து, இருட்டியதும் நெல் வயல்களுக்கும் பிற நீர்நிலைகளுக்கும் இரை தேடிப் போகும் பறவை. அதற்கு ஏரி ஒரு படுக்கை. ஆகாயத்தாமரை ஏரி முழுவதையும் மூடினால் நீர் தெரியாது, இறங்க இடம் இராது. முழுவதையும் வாரி எடுத்துவிட்டால் ஏறி உட்கார மேடு இராது. அதனால் குளிர்காலத்துக்கு முன் ஆகாயத்தாமரையின் பெரும்பகுதியை அகற்றி, ஆங்காங்கே தீவுபோலத் திட்டுகளை விட்டுவைக்கிறார்கள். வேட்டைக்காரரின் வெற்றிடமும் ஜீலின் திறந்த நீரும் ஒரே வேலையைச் செய்கின்றன. வயலில் அதைச் சூழ்ந்திருப்பது மேயும் பொம்மை. ஜீலில் உறங்குவதற்கான திட்டு.

அடுத்தது கலப்பு. வட அமெரிக்கக் களத்தில் கனடா வாத்து, வெண்ணெற்றி வாத்து, பனிவாத்து மூன்றும் ஒரே வயலுக்கு வரக்கூடும். அனுபவசாலிகள் பொம்மைகளைக் கலந்து கொட்டுவதில்லை. கருநிற வாத்துகளைச் சிறு குடும்பங்களாக ஒரு புறமும் பனிவாத்துகளை நெருக்கமாக இன்னொரு புறமும் வைப்பார்கள், ஏனென்றால் உண்மையான பறவைகளும் ஒரே வயலில் இனம் இனமாகத்தான் பிரிந்து நிற்கின்றன. வெள்ளை வெகுதூரம் தெரியும். அது எல்லா இனங்களின் கண்ணையும் இழுக்கும். டெக்சாஸ் நெல் வயல்களில் வெறும் வெள்ளைத் துணிகளையே பரப்பிப் பனிவாத்துகளை இறக்கிய வழக்கமும் இருந்தது. சாந்த்ராகாச்சியில் பனிவாத்தின் இடத்தில் சராலை வைத்துப் பார்க்கலாம். ஏரியில் பெரும்பான்மை அதுதான். திட்டுகளில் அது அடர்ந்து அமர்ந்திருக்க, கருவால் வாத்து, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை சிறு எண்ணிக்கையில் வருகின்றன. முதலில் இறங்கி அமைதியாக இருக்கும் கூட்டமே பின்னால் வருபவற்றுக்குப் பார்வையாகிறது.

பருவம் நகர நகரத்தான் வேறுபாடு கூர்மையாகிறது. செப்டம்பரில் வேட்டைக்காரருக்குச் சில பொம்மைகள் போதும். பறவைகளும் அப்போது குடும்பம் குடும்பமாகவே திரிகின்றன, அவ்வாண்டுக் குஞ்சுகளுக்குத் துப்பாக்கி தெரியாது. வடக்கிலிருந்து பெருங்கூட்டங்கள் சேர்ந்த பின் பரப்பும் பெரிதாக வேண்டும். பனிவாத்துக்கு நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கு மேல். கடுங்குளிரில் உண்மையான வாத்துகள் நெருங்கி அமர்ந்து உடல் சூட்டைக் காக்கும் என்பதால், பொம்மைகளும் அமர்ந்தவையாக மாறுகின்றன. பருவக் கடைசியில் எல்லோரும் விரிக்கும் இலாட வடிவத்தைப் பறவை அடையாளம் கண்டுகொள்கிறது. வடிவத்தை மாற்ற வேண்டும், பதுங்குமிடத்தை மாற்ற வேண்டும், சில சமயம் பொம்மைகளின் எண்ணிக்கையையே சுருக்க வேண்டும். நேற்று ஏமாந்து தப்பிய பறவை இன்று ஏமாறுவதில்லை.

ஜீலில் காலம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. நவம்பரில் வரும் முதல் கூட்டங்கள் எச்சரிக்கையாக இருக்கும். தொந்தரவு இல்லாமல் நாட்கள் போனால் டிசம்பர், ஜனவரியில் கூட்டம் பெருகும். துன்பமின்றிக் கழித்த குளிர்காலம் அடுத்த ஆண்டு வரவுக்கான காரணமாகிறது. வேட்டைக்காரரின் பொம்மை ஒவ்வொரு நாளும் மதிப்பை இழக்கிறது. பாதுகாப்பான ஏரி ஒவ்வொரு நாளும் மதிப்பைச் சேர்க்கிறது. ஒப்பிட்டதில் நான் கண்ட முக்கியமான வேறுபாடு இதுதான்.

ஆனால் சேர்த்ததை இழக்கவும் முடியும் என்பதற்கு அலிப்பூர் சாட்சி. பூங்காவைச் சுற்றி எழுந்த உயரமான கட்டடங்கள் பறவைகளின் வழியை மறித்தன என்று பறவை ஆர்வலர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். காற்றையும் இறங்கு பாதையையும் அளந்து பொம்மை வைக்கும் வேட்டைக்காரருக்கு இந்த வாதம் உடனே புரியும். ஏரியில் நீர் இருந்தும், காவல் இருந்தும், வானத்திலிருந்து வரும் பாதை அடைபட்டால் அது பறவைக்கு மூடிய ஏரிதான்.

சட்டங்களும் இரு களங்களையும் வேறு வேறாக வரையறுக்கின்றன. அமெரிக்கா 1935இல் உயிருள்ள வாத்துகளைப் பார்வையாக வைப்பதைத் தடை செய்தது, பொம்மைகளை அனுமதித்தது. பனிவாத்துகள் மிகப் பெருகி ஆர்க்டிக் புல்வெளிகளை அழித்ததால், 1999 முதல் அவற்றைச் சுட விதிகளைத் தளர்த்தியும் இருக்கிறது. அங்கே வேட்டை, எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் கருவிகளில் ஒன்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வாத்து வேட்டை குற்றம். நம் குறை பறவை மிகுதி அல்ல, ஏரிகளின் குறைவு.

வேட்டைக்காரரின் அறிவு காப்பவருக்கு உதவும் என்பது வெறும் ஆசை அல்ல. அமெரிக்காவின் மெயின் மாநிலக் கடற்கரையை ஒட்டிய ஈஸ்டர்ன் எக் ராக் தீவிலிருந்து பஃபின் கடற்பறவைகள் 19ஆம் நூற்றாண்டு வேட்டையால் மறைந்தன. பறவையியலாளர் ஸ்டீபன் கிரெஸ் 1973 முதல் நியூஃபவுண்ட்லாந்துக் குஞ்சுகளை அங்கே கொண்டுவந்து வளர்த்தார். அவை பறந்துபோன பின் திரும்பி வர, 1977இல் பாறைகள்மேல் மரப் பொம்மைகளை நிறுத்தினார். 1981இல் பஃபின்கள் மீண்டும் அங்கே குஞ்சு பொரித்தன. கொல்ல அழைத்த அதே பொம்மை, பறவையை அதன் வீட்டுக்கு அழைத்தது.

கொல்கத்தாவுக்குப் பொம்மைகள் வேண்டியதில்லை. அந்த வேட்டைக்காரரின் பழக்கம் வேண்டும். அவர் ஒவ்வொரு விடியலிலும் காற்றைப் பார்க்கிறார், நேற்று பறவை எங்கே திரும்பியது என்று நினைவில் வைத்து இன்று இடத்தை மாற்றுகிறார். நம் ஏரிகளிலோ ஆகாயத்தாமரையை அகற்றுவது ஆண்டுக்கொரு முறை முடியும் பணி. திட்டுகள் நவம்பருக்குள் தயாராக வேண்டும். பிறகு மார்ச் வரை, கூட்டம் எங்கே அமர்கிறது, எங்கே தயங்கித் திரும்புகிறது என்று பார்த்துச் சிறு சிறு திருத்தங்கள் செய்ய வேண்டும். ஏரியைச் சுற்றிக் கட்டட அனுமதி தரும்போது இறங்கு பாதையும் கணக்கில் வர வேண்டும். ஒரு பறவையைச் சுட்டு வீழ்த்துவதற்கு இத்தனை கவனம் செலவிடப்படுகிறது என்றால், அதைத் தங்கவைப்பதற்கு அதில் பாதியையாவது நாம் கடன்பட்டிருக்கிறோம்.