பல் டாக்டர் ஏன் வெளியே ஓடுறார்?

ராஜபாளையத்திலயோ ஸ்ரீவில்லிபுத்தூர்லயோ பல் எக்ஸ்ரே எடுத்துட்டு வந்தவங்ககிட்ட பேசிப் பாருங்க. "வாய்க்குள்ள ஃபிலிமை வச்சிட்டு டாக்டர் வெளியே ஓடிட்டார். அவர் உடம்பு மட்டும்தான் உடம்பா?" என்று ஒருத்தராவது கேட்பார். நியாயமான கேள்விதான். (பால்கோவா ஊர்ல பல் டாக்டருக்கு வேலை குறைவா என்ன!) இதுக்குப் பதில் தேடணும்னா 1896-க்குப் போகணும்.

1895 நவம்பரில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். 1896 ஜனவரியிலேயே அதே நாட்டின் பல் மருத்துவர் ஓட்டோ வால்காஃப், ஒரு சின்னக் கண்ணாடித் தகட்டைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி, தன் வாயிலேயே வைத்துப் படம் எடுத்துவிட்டார். அசையாமல் கிடந்த நேரம் 25 நிமிடம்! இன்னிக்கு ஒரு நொடியில் சின்னப் பங்குதான்.

அதே வருஷம் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் பல் மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ் இதில் இறங்கினார். அந்தக் காலத்துக் குழாய்கள் நிலையா இருக்காது. ஒவ்வொரு தடவையும் கதிர் சரியா வருதான்னு சோதிக்கணும். எப்படின்னு கேக்கறீங்களா? குழாய்க்கும் ஒளிர்திரைக்கும் நடுவில் தன் கையையே நீட்டுவார். எலும்பு தெளிவாத் தெரிஞ்சா குழாய் தயார். இப்படி வருஷக்கணக்கா. கதிர் படும்போது வலிக்காது, சுடாது, அதனால சந்தேகமும் வராது. பின்னாடி விரல்ல புண் வந்தது, புற்றுநோயாச்சு. முதல்ல விரல்கள், அப்புறம் கை என்று வெட்டிக்கொண்டே போனார்கள். வலி தாங்காமல் 1928-ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

இத்தனைக்கும் எச்சரிக்கை இல்லாமல் இல்லை. பாஸ்டன் பல் மருத்துவர் வில்லியம் ரோலின்ஸ், எக்ஸ் கதிர் பட்டால் கினிப் பன்றிகள் செத்துப்போகும்னு 1901-லேயே எழுதினார். குழாயை ஈயப் பெட்டிக்குள்ள மூடுங்க, கண்ணுக்கு ஈயக் கண்ணாடி போடுங்கன்னார். அப்போ காது கொடுத்துக் கேட்டவங்க ரொம்பக் குறைவு. எனக்கு இந்தக் கதையில் பெரிய ஆள் ரோலின்ஸ்தான். ஆனா பேரு அவ்வளவா வெளியே தெரியாது.

விரலுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் 192 அடி. அதோட நிழல் உச்சி வெயில்ல குட்டை, சாயங்காலம் நீளம். பல்லுக்கும் அதே கதைதான். மேலண்ணம் வளைவா இருக்கறதால ஃபிலிமைப் பல்லுக்கு இணையா வைக்கறது கஷ்டம், சாய்ஞ்சுதான் நிக்கும். கதிரின் கோணம் தப்பினால் வேர் நீண்டோ குறுகியோ தெரியும். ரூட் கேனால் பண்றவருக்கு வேரின் நீளம் தப்பினா என்ன ஆகும்னு யோசிங்க. 1907-ல் சீஷின்ஸ்கி ஒரு வழி சொன்னார்: பல்லுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் உள்ள கோணத்தைப் பாதியாப் பிரிக்கிற கோட்டுக்குச் செங்குத்தா கதிரை விடு, நிழலும் பல்லும் ஒரே நீளம் வரும். பத்தாங்கிளாஸ் வடிவியல்தான்! ஆனா இந்த முறையில் ஃபிலிமை யாராவது விரலால் அழுத்திப் பிடிக்கணும். நோயாளி பிடிக்கலாம், டாக்டர் பிடிக்கவே கூடாது. கெல்ஸ் மாதிரி கையை இழந்தவங்களைப் பார்த்த பிறகு வந்த சட்டம் இது. பிறகு ஃபிலிமை இணையாகவே நிறுத்துகிற பிடிப்பான்கள் வந்து விரலுக்கு விடுதலை கொடுத்தன. 1980-களின் கடைசியில் ஃபிலிமுக்குப் பதில் சென்சார் வந்து, கதிரின் அளவும் இன்னும் குறைந்தது.

இப்போ வெளியே ஓடுற விஷயம். உங்களுக்கு வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு படம். நவீன மெஷினில் ஒரு படத்துக்கு ஆகிற கதிர், நாம சும்மா உட்கார்ந்திருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு நாளைக்குக் கிடைக்கிற அளவுக்குள்தான் பெரும்பாலும் இருக்கும். டாக்டருக்கோ தினமும் பல பேர், முப்பது நாற்பது வருஷம். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால்வாசியாகும். அதனாலதான் மறைப்பு இல்லாத இடத்தில் குறைந்தது ஆறடி தள்ளி, கதிர் போற பாதைக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள் என்று மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

குழந்தைக்கு எடுக்கும்போது அது ஆடினால், ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டு பெற்றவர் பிடிக்கலாம். "நீங்களே பிடிச்சுக்கோங்க டாக்டர்"னு மட்டும் சொல்லாதீங்க.