கோடு போட்டு வளர்ந்த நகரம்



வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஒரு பத்திரத்தில் ‘நஞ்சை’ என்று இருந்த நிலம், சில வருடங்களில் ‘மனை’யாகி அடமானத்துக்கு வரும். மனை மறுபடி நஞ்சையாகி வந்து நான் பார்த்ததில்லை. நகரம் இதுவரைதான் வளரலாம் என்று எங்காவது கோடு போட்டிருக்கிறார்களா? ஓய்வு பெற்ற பிறகு தேடிப் படித்ததில் கிடைத்தது, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துக் கதை.

அங்கே வில்லாமெட் பள்ளத்தாக்கு நல்ல விளைநிலம். மாநிலத்தின் பெரிய நகரமான போர்ட்லாந்தும் அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. 1960களில் வீட்டுமனைகள் வயல்களைத் தின்னத் தொடங்கின. அதைத் தடுக்க முன்வந்தவர்களில் ஒருவர் ஹெக்டர் மெக்பெர்சன். பால் பண்ணை விவசாயி; மாநில செனட்டரும்கூட. எதிர்க்கட்சியைச் சேர்ந்த போர்ட்லாந்து செனட்டர் டெட் ஹாலக்குடன் சேர்ந்து அவர் கொண்டுவந்த மசோதா, ஆளுநர் டாம் மெக்காலின் ஆதரவோடு 1973இல் சட்டமானது. அதன் வழியாகத்தான் ஒவ்வொரு நகரமும் தன் வளர்ச்சிக்கு எல்லை வகுக்க வேண்டும் என்ற விதி வந்தது. போர்ட்லாந்து வட்டாரத்துக்கு 1979இல் கோடு போட்டார்கள். உள்ளே நகரம், வெளியே வயலும் காடும்.

இது மதில்சுவர் அல்ல, ஒரு கணக்கு. அடுத்த 20 ஆண்டுகளுக்கு வீட்டுக்கும் தொழிலுக்கும் எவ்வளவு நிலம் வேண்டும் என்று பார்த்து, அவ்வளவு நிலம் கோட்டுக்குள் இருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கைத் திரும்பப் பார்ப்பார்கள். போதவில்லை என்றால் கோட்டைத் தள்ளிப் போடுவார்கள். இந்தப் பொறுப்பு மெட்ரோ என்ற வட்டார மன்றத்துடையது. அதன் உறுப்பினர்களை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

‘வெளியே தடுத்தால் உள்ளே விலை ஏறுமே?’ என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அதனால்தான் 1981இல் இன்னொரு விதி வந்தது. அந்த வட்டாரத்து ஊர்கள், புதிய வீடுகளில் பாதியாவது அடுக்குமாடியாகவோ ஒட்டுச்சுவர் வீடுகளாகவோ கட்ட வழிவிட வேண்டும். அதாவது, நம்மைப் போன்ற அபார்ட்மென்ட்வாசிகளுக்கும் திட்டத்தில் இடம். நகரைக் கிழித்துக்கொண்டு போகவிருந்த ஒரு விரைவுச்சாலையைக் கைவிட்டார்கள். 1986இல் இலகு ரயில் ஓடத் தொடங்கியது. அப்படியும் விலையும் வாடகையும் ஏறாமல் இல்லை. அதில் கோட்டின் பங்கு எவ்வளவு என்ற வாதம் இன்றும் நடக்கிறது. 2019இல், தனிவீடு மட்டுமே அனுமதித்த தெருக்களிலும் இரண்டு, மூன்று குடும்பங்கள் வாழும் வீடுகள் கட்ட மாநிலச் சட்டம் வழி செய்தது.

சட்டத்தை ஒழிக்க 1976, 1978, 1982 என மூன்று முறை மக்கள் வாக்கெடுப்பு நடந்தது; மூன்றிலும் சட்டம் பிழைத்தது. 1982இல் மெக்கால் புற்றுநோயோடு இருந்தபடியே அதற்காகப் பிரசாரம் செய்தார். வாக்கெடுப்பு முடிந்து சில வாரங்களில், 1983 ஜனவரியில் காலமானார்.

ஆனால் 2004இல் காற்று திசை மாறியது. நிலத்தை வாங்கிய பிறகு வந்த விதியால் மதிப்புக் குறைந்தால், அரசு நஷ்டஈடு தர வேண்டும் அல்லது விதியைத் தளர்த்த வேண்டும் என்று மக்களே வாக்களித்தார்கள். நஷ்டஈட்டுக்குப் பணம் ஏது? விதிகள் தளர்ந்தன, வயல்களில் மனை போட விண்ணப்பங்கள் குவிந்தன. 2007இல் இன்னொரு வாக்கெடுப்பில் அந்த உரிமையைப் பெரும்பாலும் ஒரு சில வீடுகள் என்ற அளவுக்குச் சுருக்கினார்கள்.

அந்த நில உரிமையாளர்களைப் பேராசைக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வயலைக் காத்ததன் பலன் ஊருக்கெல்லாம் வரவு. பற்று மட்டும் சிலர் பெயரில் விழுந்தது. ஒரு பக்கம் மட்டும் எழுதிய பேரேடு என்றைக்காவது இடிக்கத்தான் செய்யும்.

ஆகவே, நம் ஊர்த் திட்டத்தின் வரைவு மக்கள் கருத்துக்கு வரும்போது, நம் வீட்டுக்கு முன்னால் சாலை அகலமாகுமா என்பதோடு நிறுத்த வேண்டாம். கோடு எங்கே? உள்ளே எல்லோருக்கும் வீடு உண்டா? வெளியே நிலம் வைத்திருப்பவருக்கு என்ன பதில்? இந்த மூன்றையும் கேட்டு நான்கு வரி எழுதி அனுப்புங்கள்.